இடுக்கி முனையில் பிறந்த நெல்

நெற்பூவுக்குள் ஆறு மகரந்தப் பைகளும் ஒரு சூலகமும் சேர்ந்தே இருக்கின்றன. பூ விரிகிற அந்தச் சிறு பொழுதிலேயே தன் மகரந்தத்தால் அது கருவுற்றுவிடும். இரண்டு ரகங்களைக் கலக்க நினைப்பவர் அதற்கு முன்பே கைவைக்க வேண்டும்.

வேலை முதல் நாள் பிற்பகலில் தொடங்கும். மறுநாள் விரியப்போகும் பூக்களை மட்டும் கதிரில் விட்டுவைத்து, உமியின் நுனியைக் கத்தரித்து, ஆறு பைகளையும் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள். ஒரு பை உள்ளே தங்கினாலும் பூ வீண். இறகு போன்ற சூலகமுடி நசுங்கினாலும் வீண். பிறகு கதிருக்குத் தாள் உறை. மறுநாள் முற்பகலில், தந்தைச் செடியின் பூக்கள் விரிந்ததும் அந்தக் கதிரைக் கொண்டுவந்து தாய்க் கதிரின் மேல் தட்டுகிறார்கள். உதிரும் மகரந்தம் சில நிமிடங்களே உயிரோடிருக்கும். பிழைத்த மணிகள் உமி முழுதாக மூடாமல், அரைகுறை ஆடையோடு முற்றும்.

1962-ல் பிலிப்பைன்ஸின் லாஸ் பான்யோஸில், சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பீட்டர் ஜென்னிங்ஸ் 38 கலப்புகள் செய்தார். எட்டாவதில் தாய், இந்தோனேசியாவின் பேட்டா. நன்றாக வளரும், ஆனால் உரம் போட்டால் நெடுநெடுவென உயர்ந்து சாய்ந்துவிடும். தந்தை, தைவானின் குட்டை ரகமான டீ-ஜியோ-வூ-ஜென். கிடைத்த விதைகள் 130.

அவற்றை விதைத்தபோது எல்லாமே நெட்டையாக வளர்ந்தன. விஷயம் தெரியாதவர் அன்றே பிடுங்கி எறிந்திருப்பார். குட்டைத்தன்மை ஒடுங்கியிருக்கும் குணம். அது முதல் தலைமுறையில் முகம் காட்டாது. அடுத்த தலைமுறையில்தான் நாலில் ஒரு பங்கு குட்டையாக வந்தது. பயிர்க் கலப்பின் உண்மையான சாமர்த்தியம் இந்தக் காத்திருப்பில் இருக்கிறது என்பேன். பின்னர் ஹென்றி பீச்செல் வரிசை வரிசையாகப் பார்த்து, 288-ஆம் வரிசையின் மூன்றாவது செடியைத் தேர்ந்தெடுத்தார். அதன் வழித்தோன்றலே 1966-ல் வெளியான ஐ.ஆர்.8. அந்த ஆண்டுச் சோதனை வயலில் ஹெக்டேருக்கு 9 டன்னுக்கு மேல் கண்டது. நம் வயல்களுக்கும் விரைவில் வந்து சேர்ந்தது.

குறைகளும் இருந்தன. அரிசி தடிமன், சோறு ஆறினால் இறுகிவிடும், பூச்சியும் நோயும் எளிதில் தாக்கும். ஆகவே இடுக்கிக்கு ஓய்வில்லை. நெல்லைத் தாக்கும் புல்குட்டை நச்சுயிரியைத் தாங்கும் குணம் உத்தரப் பிரதேசத்தின் காட்டு நெல் ஒன்றில் கிடைத்தது. அதே நிலையத்தின் குர்தேவ் குஷ் குழுவினர் அதைப் பயிர் நெல்லோடு கலந்து, பிறந்ததை மீண்டும் மீண்டும் பயிர் நெல்லோடே கலந்து, காட்டுக் குணங்களைக் கழித்து அந்த ஒன்றை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். அப்படி 1976-ல் வந்த ஐ.ஆர்.36, 1980-களில் ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் பயிரானது.