பழைய கணினியில் ஓடிய நிரல் புதியதில் ஏன் ஓடவில்லை?

ஆய்வகக் கணினிகளில் உபுண்டுவைப் புதுப்பித்த வாரத்தில் கணினி அறிவியல் ஆசிரியர்கள் எல்லோருமே இந்தக் கேள்வியைச் சந்தித்திருப்போம்: "சார், பழைய சிஸ்டத்துல ஓடுச்சு, இதுல எரர் வருதே?" செய்முறைத் தேர்வு நெருங்கும் நேரமென்றால் "எனக்கு கோடிங் வராது" என்று மாணவர் முடிவே கட்டிவிடுவார். ஆகவே பிழை நிரலிலா, நிரல்பெயர்ப்பியிலா என்று பிரித்துப் பார்க்க அவர்களுக்குக் கற்றுத்தருவது நம் வேலை.

பழைய ரெக்கார்டு நோட்டுகளில் தென்படும் 'கெட்ஸ்' செயற்கூற்றை எடுத்துக்கொள்வோம். 2015இல் வெளியான தேவ் சி++ 5.11 மென்பொருளுக்குள் இருப்பது ஜிசிசி 4.9.2. அது 1998ஆம் ஆண்டின் சி++ தரத்தையே இயல்பாகப் பின்பற்றும். அதில் கெட்ஸ் ஓடும். 2016இல் வந்த ஜிசிசி 6 முதல் 2014ஆம் ஆண்டுத் தரமும், 2021இல் வந்த ஜிசிசி 11 முதல் 2017ஆம் ஆண்டுத் தரமும் இயல்பாயின. உபுண்டு 22.04இல் இருப்பது இந்த ஜிசிசி 11தான். 2014 தரத்திலேயே கெட்ஸ் நீக்கப்பட்டுவிட்டதால், அந்தப் பெயர் அறிவிக்கப்படவில்லை என்ற செய்தி வருகிறது.

நீக்கியதற்குக் காரணம் உண்டு. அணியில் எத்தனை எழுத்துக்கு இடம் இருக்கிறது என்று கெட்ஸ் கேட்பதே இல்லை. நீளமான உள்ளீடு வந்தால் பக்கத்து நினைவகத்தின் மேல் எழுதிவிடும். 1988 நவம்பரில் இணையத்தை முடக்கிய மோரிஸ் புழு நுழைந்த வழிகளில் ஒன்று இதுதான். இந்தக் கதையைச் சொன்ன பிறகு, அளவைக் கேட்கும் 'கெட்லைன்' ஏன் வேண்டும் என்று மாணவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

சோதிக்க எளிய வழி: கட்டளையில் 1998 தரத்தைக் குறிப்பிட்டு மறுபடி ஓட்டுங்கள். எச்சரிக்கையோடு ஓடினால் மாறியது தரம். நிரல்பெயர்ப்பியில் பழுது இல்லை.

பழுது அந்தப் பக்கம் இருப்பதும் உண்டு. உபுண்டு 20.04 இருந்த கணினியில் ஒரு மாணவி மாறிக்கு 'எண்' என்று தமிழில் பெயர் வைத்தாள். 340, 256, 216 என்று புரியாத எண்களோடு பிழைச்செய்தி கொட்டியது. அவை 'எ' எழுத்தின் மூன்று பைட்டுகள். பிறமொழி எழுத்துகளுக்குச் சி++ தரம் இடம் கொடுத்திருந்தும், அதிலிருந்த ஜிசிசி 9 அவற்றை நேரடியாக ஏற்கவில்லை. இந்தக் குறை 2015இலேயே ஜிசிசியின் வழுப் பதிவேட்டில் 67224ஆம் எண்ணில் பதிவானது. 2020இல் வந்த ஜிசிசி 10இல் தீர்ந்தது. ஐந்தாண்டு காத்திருப்புதான். ஆனாலும் கட்டற்ற மென்பொருளில் அந்தப் பதிவை யாரும் படிக்கலாம், யாரும் திருத்தம் அனுப்பலாம்.

எப்படிப் புகார் எழுதுவது என்பது எங்கள் ஒரகடம் பிள்ளைகளுக்கு எளிதில் விளங்கும். பெற்றோர் பலர் கார், லாரி, பைக் ஆலைகளில் லைனில் நிற்பவர்கள். "பாகம் பொருந்தல" என்று மட்டும் சொன்னால் அங்கே வேலை நடக்காது; எந்த மாடல், எந்த ஸ்டேஷன், எந்த ஷிப்ட் என்று சொல்ல வேண்டும். இங்கும் அதேதான். ஜிசிசியின் பதிப்பு எண், இயங்குதளம், தட்டிய முழுக் கட்டளை, வந்த முழுச் செய்தி, பிழையைக் காட்டும் மிகச்சிறிய நிரல் ஆகியவை தேவை. செல்போனில் எடுத்த திரைப்படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டு "எரர் வருது" என்பதால் (நம்மில் பலர் செய்வதுதான்) யாருக்கும் பயனில்லை. எழுத்தாக நகலெடுத்தால்தான் தேடிப்பார்க்க முடியும்.

இவற்றில் முக்கியமானது நிரலைச் சிறிதாக்குவது. நூறு வரியை ஒவ்வொன்றாக வெட்டி எட்டு வரியாக்கும்போதே பாதிப் பேருக்குத் தம் நிரலில் விடுபட்டது கண்ணில் பட்டுவிடும். எல்லா எச்சரிக்கைகளையும் இயக்கிப் பார்க்கும்படி ஜிசிசி குழுவும் கேட்கிறது. அதன் பிறகும் பிழை நின்றால், முன்பே பதிவாகியிருக்கிறதா என்று தேடிவிட்டுப் புகாரை எழுதலாம். உபுண்டுவோடு வந்த நிரல்பெயர்ப்பி என்றால் லாஞ்ச்பேடில் பதியலாம். 'நிரல்பெயர்ப்பியின் உட்பிழை' என்ற செய்தி வந்தால் மட்டும் தயங்க வேண்டாம். அது தன் பழுதைத் தானே ஒப்புக்கொண்டு புகார் அனுப்பச் சொல்கிறது.

செய்முறைத் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பே, தேர்வு நடக்கும் கணினிகளிலேயே எல்லா நிரல்களையும் ஒருமுறை ஓட்டிவிடுங்கள். ஒவ்வொரு கணினியின் ஜிசிசி பதிப்பு எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டிவைத்தால், பாதிக் கேள்விக்கு அதைப் பார்த்தே பதில் சொல்லிவிடலாம்.