விளக்கு அணைந்தது யாருக்குத் தெரியும்?

சித்திரையிலும் ஐப்பசியிலும் கண்டி நகரத்துப் பிற்பகல்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. காலையில் வெயில் காயும். மூன்று மணியளவில் ஹந்தானை மலைமுகட்டில் கருமுகில் திரளும். நான்கு மணிக்கு இடி முழங்கும். முழங்கிய மறுகணமே வீட்டு விளக்கு அணைந்துவிடும். உடனே சிறுவர் செய்யும் முதற் காரியம், சன்னலைத் திறந்து அயல்வீட்டை எட்டிப் பார்ப்பது. அங்கும் இருள் என்றால் ஏனோ மனத்துக்கு ஓர் ஆறுதல்! இது வெறும் சிறுபிள்ளைத்தனம் அன்று. மின்சாரப் பொறியியலாளரும் எந்த வீட்டில் விளக்கு எரிகிறது, எந்த வீட்டில் எரியவில்லை என்று அறிந்தே பழுது எங்கே என்று தேடத் தொடங்குகிறார்.

கண்டி மக்களுக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. நாட்டுக்கே மின்சாரம் தரும் அணைகள் நம்மைச் சூழ நிற்க, நமக்கா மின்தடை என்பர். குறையில் நியாயம் இல்லாமலில்லை. பொல்கொல்லையில் மகாவலி கங்கையை மறித்து, ஏறக்குறைய 8 கிலோமீட்டர் நீளமான சுரங்கத்தின் வழியாக நீரை உக்குவளைக்கு அனுப்பி மின்சாரம் எடுக்கும் வேலை 1976ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. தெல்தெனியாவின் பழைய பட்டணத்தை நீருள் ஆழ்த்தி 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணை 122 மீற்றர் உயரமானது. அதன் 210 மெகாவாட் நிலையமே இலங்கையின் நீர்மின் நிலையங்களுள் பெரியது. தெற்கே கொத்மலை இருக்கிறது. ஆயினும் மின் நிலையங்கள் யாவும் ஒரே பெருங் குளத்தில் நீர் சொரியும் வாய்க்கால்கள் போன்றவை. விக்டோரியாவின் மின்சாரம் திகனைக்கென்று தனியாக வருவதில்லை. 220, 132 கிலோவோல்ட் பெருங் கம்பிகளில் ஏறி, கிரிபத்கும்புர, பல்லேகலை போன்ற உப மின் நிலையங்களில் 33 கிலோவோல்ட்டாகத் தணிந்து, நகரத்துள் 11 ஆகி, தெருமுனை மின்மாற்றியைக் கடந்து, 230 வோல்ட்டாக நம் வீட்டுச் சுவருக்குள் நுழைகிறது. இவற்றுள் எந்தப் படி இடறினாலும் வீடு இருளும். ஆனால் படிக்குப் படி அந்தச் செய்தியை அறிபவர் வேறு.

மேற்படிகளில் பழுது நேர்ந்தால் எவரும் சொல்லவேண்டியதில்லை. உப மின் நிலையத்திலுள்ள காவற் கருவிகள் மின்னோட்டத்தின் அளவை ஓயாது கண்காணித்தவண்ணம் உள்ளன. கம்பியில் மரம் சாய்ந்து ஓட்டம் பன்மடங்கு பெருகினால், நாம் கண்ணிமைக்கும் நேரத்திலேயே துண்டிப்பான் திறந்துகொள்ளும். கட்டுப்பாட்டு அறையில் மணி ஒலிக்கும். கீழ்ப்படியின் கதை முற்றிலும் வேறு. உங்கள் ஒழுங்கையிலுள்ள மின்மாற்றியின் உருகி உருகிப்போனால், அது கட்டுப்பாட்டு அறையில் இருப்பவருக்குத் தெரியாது. நூறு வீடுகள் இருளில் மூழ்கியிருக்க, அங்குள்ள அளவுமானியின் முள் அசைந்ததாகவே தோன்றாது. ஆகவேதான் இலங்கை மின்சார சபை 1987 என்னும் தொலைபேசி எண்ணை மக்களுக்கு அளித்தது. அழைப்பவரிடம் முதலில் கேட்கப்படுவது மின் பட்டியலிலுள்ள கணக்கு எண். அதைக் கொண்டு அவ்வீடு எந்த மின்மாற்றியைச் சார்ந்தது என்று பார்க்கிறார்கள். ஒருவர் மட்டும் அழைத்தால் பழுது அவர் வீட்டுக் கம்பியில். ஒரே மின்மாற்றியைச் சார்ந்த ஐவர் அழைத்தால் பழுது மின்மாற்றியில். பல மின்மாற்றிகளிலிருந்து அழைப்பு வந்தால் அதற்கும் மேலே. மின்சாரம் நின்றதும் தானே செய்தி அனுப்பிவிட்டு ஓயும் புதுவகை மானிகள் பல நாடுகளில் பரவியுள்ளன. அவை ஒவ்வொரு வீட்டிலும் இடம்பெறும் வரையில் நாம் விடுக்கும் அழைப்பே மானி. "பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருப்பார்" என்று எல்லோரும் வாளாவிருக்கும் தெருவில் இருள் நீடிப்பதற்குக் காரணம் வேறு தேடவேண்டியதில்லை.

வாசகர் பலர் கவனித்திருக்கக்கூடிய ஒரு விந்தையை இங்கே சொல்லவேண்டும். மழைநாளில் விளக்கு சட்டென அணையும், சில விநாடிகளில் எரியும், மீண்டும் அணையும், பின்பு ஒரேயடியாக ஓய்ந்துவிடும். யாரோ ஆளியோடு விளையாடுகிறார்கள் என்று முதியோர் சலித்துக்கொள்வதுண்டு. உண்மையில் அது ஒரு தன்னியக்கக் கருவியின் பரிசோதனை. திறந்த வெளியில் செல்லும் கம்பிகளில் நேரும் பழுதுகளில் பெரும்பாலானவை கணப் பொழுதில் தாமே நீங்குபவை. மின்னல் தாக்கிப் பீங்கான் காவலியின் மேல் பொறி பாயும். ஈரக் கிளை உரசி விலகும். வௌவால் சிக்கி விழும். ஓட்டத்தை ஒருகணம் நிறுத்தினால் பொறி அடங்கிவிடும். எனவே கருவி துண்டித்து, சற்றே பொறுத்து, மறுபடி இணைத்துப் பார்க்கிறது. தடை நீங்கியிருந்தால் விளக்கு எரியும். இரண்டு மூன்று முறை முயன்றும் நீங்காவிட்டால், "இதற்கு மனிதர் வரவேண்டும்" என்று பூட்டிக்கொள்கிறது.

மனிதர் வருகிறார். 33 கிலோவோல்ட் பாதை ஒன்று மலையேறி இறங்கிப் பல கிலோமீட்டர் ஓடும். கம்பந் தோறும் நடந்து பார்ப்பதென்றால் விடிந்துவிடும். ஆகையால் பாதையை நடுவில் உள்ள ஆளியில் பிரித்து, முற்பாதிக்கு மின்சாரம் கொடுத்துப் பார்க்கிறார்கள். அது நின்றால் பழுது பிற்பாதியில். அதையும் இரண்டாகப் பிரிக்கிறார்கள். எண் ஒன்றை மனத்தில் நினைக்கச் சொல்லிப் பாதி பாதியாகக் கேட்டுக் கண்டுபிடிக்கும் மாணவர் விளையாட்டே இது. பழுதான துண்டைத் தனிப்படுத்தி, மறுபக்கத்துப் பாதையிலிருந்து மற்றவர்களுக்கு மின்சாரம் திருப்பியபின்பே செப்பம் தொடங்குகிறது. மின்மாற்றியின் அருகில் குழல்போன்ற உருகிகள் உள்ளனவே, அவற்றில் ஒன்று எரிந்தால் கீழ்நோக்கி விழுந்து தொங்கும். தரையில் நின்றபடியே கண்டுகொள்ளலாம். நமது அறிவுரை பார்ப்பதோடு நிற்கவேண்டும் என்பதே.

கம்பத்தில் ஏறுவதற்கு முன் தொழிலாளர் கம்பிகளை நிலத்தோடு இணைக்கிறார்கள். மின்சாரம் துண்டிக்கப்பட்ட பாதையில் இது எதற்கு என்று கேட்கலாம். அச்சம் மேலிருந்து வரும் மின்சாரத்தைப் பற்றியது மட்டுமன்று. கீழிருந்து வருவதைப் பற்றியதுமாகும். கடைக்காரர் ஒருவர் தமது மின்பிறப்பாக்கியை முறையான மாற்று ஆளி இல்லாமல் வீட்டுக் கம்பியோடு பொருத்தியிருந்தால், அந்த 230 வோல்ட் மின்மாற்றியின் வழியே பின்னோக்கி ஏறி, உச்சியில் 11,000 வோல்ட்டாகக் காத்திருக்கும். ஐஸ்கிறீம் உருகாமலிருக்க ஓர் உயிர் போகலாம்.

நிற்க. நாடு முழுவதும் ஒரே கணத்தில் இருண்டால் என்ன செய்வது? 2025 பெப்ரவரி 9ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் அதுதான் நேர்ந்தது. பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததே தொடக்கம் என்று அமைச்சர் கூறினார். உலகமே நகைத்தது. குரங்கைத் திட்டுவதில் பயனில்லை. கண்டிக் குரங்குகளை அறிந்த நமக்கு அதில் வியப்பும் இல்லை. உண்மையான பலவீனம் வேறிடத்தில் இருந்தது. ஞாயிறு நண்பகலில் தேவை குறைவு. அதில் பெரும்பகுதியைக் கூரைச் சூரியத் தகடுகள் கொடுத்துக்கொண்டிருந்தன. சுழலும் கனத்த இயந்திரங்கள் சிலவே ஓடின. தையல் இயந்திரத்தில் மிதிப்பதை நிறுத்தினாலும் கனத்த சக்கரம் சற்று நேரம் சுழலும் அல்லவா? அந்தச் சுழற்சியே அதிர்ச்சியைத் தாங்கும். சக்கரம் இலேசாயின் உடனே நின்றுவிடும்.

மீட்கும் வேளையில்தான் மலைநாட்டின் அருமை புலப்படும். நுரைச்சோலை நிலக்கரி நிலையம் 900 மெகாவாட் ஆற்றல் உடையதாயினும் தானாக விழித்தெழாது. அதன் பம்பிகளையும் விசிறிகளையும் ஓட்ட வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும். நீர்மின் நிலையத்துக்கோ, மதகைத் திறந்து, சிறிதளவு துணை மின்சாரம் கொடுத்தாற் போதும். ஆகவே விக்டோரியா, கொத்மலை, லக்சபானை ஆகிய இடங்களிலிருந்தே இருளில் முதல் விளக்கு ஏறுகிறது. ஓர் இயந்திரம், அதற்கேற்ப ஒரு சில ஊர்கள்; மற்றோர் இயந்திரம், மேலும் சில ஊர்கள். விநாடிக்கு 50 சுற்று என்னும் கணக்கு குலையாதபடி பார்த்துப் பார்த்துச் சேர்க்கவேண்டும். எல்லா வீட்டுக் குளிர்பெட்டியும் மின்னழுத்தியும் ஒருங்கே விழித்தால் மறுபடியும் விழுந்துவிடும். அன்று மாலைக்குள் நாடு ஒளிபெற்றது. நுரைச்சோலை எழச் சில நாள் ஆனமையால், 10, 11ஆந் திகதிகளில் ஒன்றரை மணி நேர மின்வெட்டு நடைமுறையாயிற்று.

2022ஆம் ஆண்டின் இருள் இந்த வகையைச் சேர்ந்ததன்று. அன்று கம்பி அறவில்லை. எரிபொருள் வாங்கப் பணம் இல்லை. மார்ச் 31ஆந் திகதி 13 மணி நேரம் வெட்டினார்கள்.

2025 நவம்பர் 28ஆந் திகதி கரைகடந்த தித்வா புயலோ எல்லாக் கணக்கையும் மாற்றிவிட்டது. உயிரிழப்பு மிகுந்த மாவட்டங்களுள் கண்டியும் ஒன்று. கம்பியில் மரம் விழவில்லை. கம்பம் நின்ற மலைச்சரிவே கீழே போயிற்று. நீரேற்றும் இடங்கள் முடங்கியதால் குடிநீரும் தடைப்பட்டது. நடந்துகொண்டிருந்த உயர்தரப் பரீட்சையை ஒத்திவைத்தார்கள். தொலைபேசிக் கோபுரங்களும் மின்சாரத்தால் வாழ்பவை. சேமிப்புக்கலம் தீர்ந்ததும் அவையும் ஓய்ந்தன. மின்சாரம் இல்லை என்று சொல்வதற்கும் வழியில்லாத ஊர்கள் அன்று பல. பாதையும் இல்லை என்பதால் போய்ப் பார்ப்பதும் அரிதாயிற்று.

அத்தகைய வேளையில் எதை முதலில் சீர்செய்வது? முதலில் பெரும் பாதைகள். பின்பு மருத்துவமனை, நீர் வழங்கல். அடுத்து, ஒரு செப்பத்தால் மிகப் பல வீடுகள் ஒளிபெறும் இடங்கள். கடைசியில் ஐந்தாறு வீடுகளுக்கான கம்பி. கணக்கு சரியானதே, வேறு வழி சொல்ல எம்மாலும் இயலாது. ஆயினும் ஒவ்வொரு முறையும் கடைசியில் வருவது அதே வீடுகள்தாம் என்பதையும் காண்கிறோம். நகரத்துப் பாதைகளுக்கு இருபுறமும் ஊற்று உண்டு. கலஹாவுக்கும் தெல்தோட்டைக்கும் அப்பால், தேயிலை மலையின் விளிம்பில் உள்ள லயத்துக்கு ஒரே கம்பி. அதற்கு மறுமுனை இல்லை. அங்கு மறுபாதை இட்டால் செலவு மிகுதி, பயன்பெறும் வீடு குறைவு என்று ஏடுகள் கூறும். மின்சார சபையைப் பல நிறுவனங்களாகப் பிரிக்க 2024இல் சட்டம் நிறைவேறியது. பலகையில் எந்தப் பெயர் இருந்தாலும், அந்தக் கடைசிக் கம்பத்துக்கு இரண்டாவது கம்பி இழுப்பது யார் செலவில் என்ற கேள்வி புதியவர்களின் மேசைக்கும் வந்தே தீரும்.