சொத்தை இல்லை; பிறகு பல் ஏன் ஆடுகிறது?

டவுன் சிண்ட்ரோம் உள்ள முப்பது வயது மகனுக்குக் கீழ்வரிசை முன்பற்கள் ஆடத் தொடங்கினால், பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ உள்ள ஒரு தாய் முதலில் தன்னையே நொந்துகொள்வார்: சரியாகத் துலக்கிவிடவில்லையோ? அந்தக் குற்ற உணர்ச்சிக்கு நியாயமே இல்லை. துலக்குவது முக்கியம்தான், ஆனால் காரணத்தில் பெரும்பங்கு உடலுக்குள்ளேயே இருக்கிறது.

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு 21ஆம் குரோமோசோம் கூடுதலாக ஒன்று உண்டு. அதனால் நோய் எதிர்ப்பு தடுமாறுகிறது. கிருமியைத் தேடி ஓட வேண்டிய வெள்ளை அணுக்கள் மெதுவாகப் போய்ச் சேர்கின்றன. அழற்சியோ அளவு மீறுகிறது. பல்லைத் தாங்கும் எலும்பு இளவயதிலேயே கரைகிறது. வேர் குட்டையான பற்கள் சீக்கிரம் ஆடுகின்றன. சொத்தை பெரும்பாலும் குறைவு என்பதால் வீட்டார் ஏமாந்துபோகிறார்கள்.

ஈறுக்கடியில் படிந்த காரையைச் சுரண்டி, வேரைச் சுத்தம் செய்வதே அடிப்படைச் சிகிச்சை. ஒருமுறை செய்தால் போதாது; மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது பார்ப்பது நல்லது. வாய் கொப்பளித்துத் துப்பத் தெரியாதவருக்குக் குளோர்ஹெக்சிடின் ஜெல்லைத் தடவிவிடலாம், மருத்துவர் சொன்ன நாள்வரை மட்டும். நீடித்தால் பல்லில் கறை படியும்.

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இதயக் குறையோடு பிறப்பவர்கள். அதைப் பல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். சிலருக்குச் சிகிச்சைக்கு முன் ஆன்டிபயாடிக் தேவைப்படும். கழுத்து மூட்டு தளர்ந்திருக்கக்கூடும் என்பதால் தலையை அதிகம் பின்னால் சாய்க்கக் கூடாது.

மலாயாப் பல்கலைக்கழகப் பல் மருத்துவப் பீடத்தில் இத்தகையோருக்கான சிறப்புப் பராமரிப்புச் சிகிச்சை உண்டு. ஈறில் ரத்தம் கசியும்போதே போய்விடுங்கள்.