உள்ளே போக ஒரு சீட்டு, வெளியே வர ஒரு சீட்டு

விடியற்காலை வாளையாரிலோ கோபாலபுரத்திலோ நின்றால், கூண்டு கூண்டாகக் கறிக்கோழி அடுக்கிய வண்டிகள் பாலக்காட்டுக்குள் போவதைப் பார்க்கலாம். கம்பம்மெட்டு, குமுளி வழியே இடுக்கிக்கும் இதே சரக்குதான். கேரளத்தில் பறவைக் காய்ச்சல் என்றால், திரும்பிவரும் வண்டிகளின் டயருக்குச் செக்போஸ்டில் மருந்து அடிப்பார்கள். அந்த வைரஸை ஊருக்கே தெரியும். கோழிச் சோகை வைரஸைப் பண்ணைக்காரர்களுக்கும் கால்நடை மருத்துவர்களுக்கும்தான் தெரியும்.

1979-இல் ஜப்பானில் பிரித்தெடுக்கப்பட்ட இதன் குறுக்களவு சுமார் 25 நானோமீட்டர். முட்டை வழியாகவும் பரவும். தாயிடமிருந்து எதிர்ப்புச் சக்தி கிடைக்காத இரண்டு, மூன்று வாரக் குஞ்சுகளில் மஜ்ஜையைக் கெடுத்துவிடும்; குஞ்சு வெளிறும், ரத்தம் தண்ணீராகும். மனிதருக்கு இதனால் நோய் வருவதில்லை.

நெதர்லாந்தின் லைடனில் மாத்தியூ நோட்டபோர்ன் குழுவினர், இந்த நாசத்துக்கு வைரஸ் முழுதும் தேவையில்லை, அதன் ஒரே ஒரு புரதம் போதும் என்று 1994-இல் காட்டினார்கள். 121 அமினோ அமிலங்கள் கோத்த சிறு சரம் அது, பெயர் அப்போப்டின். தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளும்படி செல்லைத் தூண்டும். 1997-இல் வந்த முடிவு இன்னும் வியப்பு: ஆய்வகத்தில் மனிதப் புற்றுசெல்கள் செத்தன, இயல்பான செல்கள் தப்பின. குஞ்சின் மஜ்ஜையை அழிக்கும் புரதத்துக்கு இப்படியொரு நிதானமா!

காரணம் செக்போஸ்ட்தான். அப்போப்டினிடம் இரண்டு சீட்டுகள் உண்டு: ஒன்று செல்லின் உட்கருவுக்குள் நுழைய, மற்றது வெளியேற. இயல்பான செல்லில் அது உள்ளே போனாலும் வெளியே அனுப்பப்பட்டு, மெல்லச் சிதைந்துபோகும். புற்றுசெல்லிலோ ஓயாமல் வேலை செய்யும் கைனேஸ் நொதிகள், சரத்தின் 108-ஆவது இடத்திலுள்ள திரியோனின் என்ற அமினோ அமிலத்தில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடுகின்றன. வெளியேறும் சீட்டு செல்லாமல் போகிறது. புரதம் உட்கருவிலேயே குவிகிறது. செல் பிரியும் வேலை நின்று, செல் மடிகிறது. சாதாரணமாகக் கெட்ட செல்லைச் சாகடிக்கும் பி53 என்ற காவல் புரதம் பல புற்றுகளில் பழுதாகியிருக்கும். அப்போப்டினுக்கு அதன் தயவு வேண்டியதில்லை.

அதற்காக ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்குழம்பு புற்றைக் குணமாக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்தால் நம்ப வேண்டாம். தின்ற புரதம் வயிற்றிலேயே செரித்துவிடும். கட்டியின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் அப்போப்டினைக் கொண்டு சேர்ப்பதுதான் பெரும்பாடு. வீரியம் நீக்கிய அடினோ வைரஸில் இதன் மரபணுவை ஏற்றி எலிகளின் கட்டிகளில் செலுத்தியபோது வளர்ச்சி குறைந்தது. மனிதருக்கான மருந்தாக இன்னும் வரவில்லை.

உத்தரப் பிரதேசத்தின் இஜத்நகரில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்திலும் அப்போப்டினை ஆராய்ந்திருக்கிறார்கள். கூடவே அவர்கள் எடுத்துப் பார்த்தது நாய்க்குட்டிகளைக் கழிச்சலில் கொல்லும் பார்வோ வைரஸின் என்.எஸ்.1 புரதம். அதுவும் புற்றுசெல்களை மடியவைக்கிறது.