செவிவழி 9: காது இழந்த மேடு

சென்ற வாரம், இயர்போனுக்குள் ஒலியை எழுப்பும் அதிர்தகட்டோடு நின்றோம். 150 ரூபாய் இயர்போனுக்குள்ளும் பல ஆயிரம் ரூபாய் இயர்போனுக்குள்ளும் அதே 10 மில்லிமீட்டர் வட்டத் தகடு இருக்கக்கூடும் என்பது நினைவிருந்தால் போதும். இந்த வாரம் காது வலியைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். வலி எந்த இடத்தில் பிறக்கிறது என்று பார்க்கக் காதுக்குழாயின் நீள அகலங்களைப் புரட்டப் போய், அந்த நீளத்திலேயே மாட்டிக்கொண்டேன். பக்கத்தை முடித்துத் தரச்சொல்லி அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்துவிட்டது. ஆனாலும் இதைச் சொல்லாமல் அடுத்ததற்கு நகர எனக்கு மனம் வரவில்லை.

பெரியவர்களின் காதுக்குழாய் சுமார் 25 மில்லிமீட்டர் நீளம். ஒரு முனை வெளியே திறந்திருக்கிறது, மறுமுனையைச் செவிப்பறை மூடியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பேனா மூடியைக் கீழுதட்டில் வைத்து ஊதி, வாத்தியாரிடம் திட்டு வாங்கியவர்களுக்கு இந்தக் குழாய் புதிதல்ல. ஒருமுனை அடைத்த குழலுக்கு அதன் நீளத்துக்கேற்ற ஒரு கூவல் உண்டு. மூடி குட்டையாக இருந்தால் கூவல் மேலே ஏறும், நீளமாக இருந்தால் இறங்கும். ஒத்ததிர்வுப் பாடத்தில் படித்த கணக்குதான்: குழலின் நீளத்தைப்போல் நான்கு மடங்கு அலைநீளமுள்ள ஒலி உள்ளே புகுந்தால் எழும்பி நிற்கும். காதுக்கும் அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். 25 மில்லிமீட்டரை நான்கால் பெருக்கினால் 10 சென்டிமீட்டர். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. வகுத்தால் 3,400 ஹெர்ட்ஸ். குழாயின் வாய் விரிந்திருப்பதாலும் செவிப்பறை விறைத்த சுவராக இல்லாததாலும் உண்மையில் இன்னும் கொஞ்சம் கீழே, 3,000 ஹெர்ட்ஸை ஒட்டி வந்து நிற்கிறது. அந்த இடத்து ஒலி செவிப்பறையைத் தொடும்போது, வெளியே இருந்ததைவிட 10 டெசிபலுக்கும் மேல் கூடியிருக்கும். அழுத்தக் கணக்கில் மூன்று மடங்குக்கும் அதிகம்!

பிறந்த குழந்தைக்குக் குழாய் குட்டை, அதனால் ஒலி எழும்பி நிற்கும் இந்த மேடு இன்னும் அதிக ஹெர்ட்ஸில் இருக்கும். குழந்தை வளர வளர இறங்கி, இரண்டு வயதுவாக்கில் பெரியவர்களின் இடத்துக்கு வந்துவிடும். அதற்குப்பின் நாம் கேட்கும் அம்மாவின் குரல், கோயில் மணி, பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் எல்லாம் இந்த மேட்டில் ஏறி இறங்கித்தான் மூளைக்குப் போகின்றன. ஒலி இப்படித்தான் இருக்கும் என்று மூளை பழகியிருப்பது இந்த மேட்டோடு சேர்த்துத்தான்.

பேச்சின் தெளிவு பெருமளவு 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இருக்கிறது. உயிரெழுத்துகளின் கனம் கீழே கிடக்கிறது, மெய்யெழுத்துகளின் விளிம்பு இங்கே. இந்தப் பகுதி மங்கினால் குரல் கேட்கும், வார்த்தை புரியாது. ஸ்வீடன் நாட்டின் யோஹான் சுண்ட்பெரி என்ற ஆய்வாளர் 1970களில் ஆபரா பாடகர்களின் குரலை ஆராய்ந்தார். தேர்ந்த பாடகர்களின் குரலில் 3,000 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் ஆற்றல் குவிந்து நிற்பதை அவர் விளக்கினார். மைக் இல்லாமலேயே ஒற்றைக் குரல் பெரிய வாத்தியக் குழுவைத் தாண்டிக் கேட்பதற்கு இது முக்கியக் காரணம். காது எங்கே பெருக்குகிறதோ, குரலும் அங்கேயே போய்க் குவிகிறது. இதைப் படித்தவுடன் எனக்கு எஸ்.ஜி. கிட்டப்பாதான் நினைவுக்கு வந்தார். மைக் இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசைவரை எட்டிய குரல். 1933இல் மறைந்துவிட்டார். கொட்டகையில் அவர் பாடிக் கேட்டவர்கள் இன்று நம்மிடையே அநேகமாக இல்லை, ஆனால் இசைத்தட்டுகள் இருக்கின்றன. அந்தக் கரகரப்பிலும் குரல் நம்மைக் குத்தி நிமிர்த்துகிறது என்றால், அதன் கூர் இந்தப் பகுதியில்தான் இருந்திருக்க வேண்டும் என்பது என் திடமான எண்ணம்.

இந்த மேட்டுக்கு ஒரு விலையும் உண்டு. தறிச் சத்தத்திலும் இயந்திரச் சத்தத்திலும் வருடக்கணக்கில் நின்றவர்களின் கேட்புச் சோதனைத் தாளைப் பார்த்தால், கோட்டில் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் முதலில் பள்ளம் விழும். காதுக்குழாய் 3,000 ஹெர்ட்ஸைப் பெருக்குவதும், உள்காதின் சேதம் அதற்குச் சற்று மேலே விழுவதும் இதற்கான முக்கியக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

இனி இயர்போனுக்கு வருவோம். ரப்பர் வைத்த இயர்போனைச் செருகியதும் என்ன ஆகிறது? திறந்திருந்த முனை அடைபடுகிறது. இரண்டு பக்கமும் அடைத்த குழலுக்கு வேறு கணக்கு. 3,000 ஹெர்ட்ஸில் இருந்த மேடு அங்கே இல்லாமல் போய், மிச்சமிருக்கும் குட்டை இடைவெளிக்கேற்ப 8,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கூர்முனை முளைக்கிறது. மலிவு இயர்போனில் 'ஸ்', 'ஷ்' எல்லாம் ஊசிபோல் குத்துவதற்கு இது ஒரு பெரிய காரணம். ஆழமாகச் செருகினால் அந்தக் கூர்முனை இன்னும் மேலே ஏறும், மேலோட்டமாக வைத்தால் கீழே இறங்கும். ஆக, இயர்போன் செய்பவருக்கு முதல் கடமை, தான் அடைத்ததால் காது இழந்த மேட்டைத் திருப்பிக் கொடுப்பது. திருப்பிக் கொடுக்காத இயர்போனில் பாடகர் குடத்துக்குள் தலையை விட்டுப் பாடுவதுபோல இருக்கும். அளவுக்கு மீறிக் கொடுத்தால் அரை மணியில் தலைவலி வரும்.

இதை முழுப் பிடிவாதமாக எடுத்துக்கொண்டு வேலை செய்தவர் அமெரிக்காவின் மீட் கில்லியன். செவித்துணைக் கருவிகளை வைத்து ஆராய்ச்சி செய்தவர். 1983இல் எடிமோட்டிக் ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கினார். 1991இல் வந்த அவர்களின் இஆர்-4 இயர்போன், காது இழந்த மேட்டைக் கணக்காகத் திருப்பிக் கொடுக்கும்படி வடிவமைக்கப்பட்டது. அன்று அது சில நூறு டாலர் கொடுத்து வாங்க வேண்டிய பொருள், இசைப்பதிவுக்காரர்களுக்கும் வசதியுள்ள ரசிகர்களுக்கும் மட்டும் எட்டியது. 2022இல் மூன்டிராப் சூ, 7ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஸீரோ என்று இரண்டு சீன இயர்போன்கள் சுமார் 20 டாலர் விலையில் வந்தன. இரண்டிலும் 3,000 ஹெர்ட்ஸ் மேடு ஒழுங்காக, இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. இந்தத் துறையில் நான் கண்ட மிக நல்ல செய்தி இதுதான். தங்கமோ வைரமோ சேர்க்கத் தேவையில்லை, எங்கே எவ்வளவு உயர்த்த வேண்டும் என்ற அறிவு பரவினால் போதும் என்று ஆகிவிட்டது.

ஜெரோன் பிரீபார்ட் என்ற ஒலி ஆய்வாளர் 2017இல் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை எடுத்து, விலையோடு பொருத்திப் பார்த்தார். காதைச் சுற்றி அமர்வது, காதின்மேல் அமர்வது, காதுக்குள் போவது என்று எல்லா வகையும் அதில் உண்டு. அதிர்வெண் அளவீட்டுக்கும் விலைக்கும் தொடர்பு எதுவும் இல்லை என்பது அவர் கண்டது. விலை கூடினால் உறுதி கூடலாம், வயர் நல்லதாக இருக்கலாம், பெட்டி அழகாக இருக்கலாம். ஒலித்தரம் கூடும் என்று நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம்.

இயர்போனில் அந்த மேட்டைச் செய்வது எது? தகட்டோடு சேர்ந்து, அதற்கு முன்னால் இருக்கும் சிறு அறை, அதன் மூக்குக்குழல், மூக்கின் நுனியில் ஒட்டிய வலை ஆகிய மூன்றும்தான். உங்கள் இயர்போனின் ரப்பரைக் கழற்றி, கைபேசி வெளிச்சத்தில் மூக்கைப் பாருங்கள். சல்லடைபோல ஒரு வட்டம் தெரியும். அது தூசிக்காக மட்டும் போட்டதல்ல. தகடும் அறையும் சேர்ந்து எழுப்பும் கூர்மையை அந்த வலைதான் தேய்த்து மேடாக்குகிறது. சென்னை ரிச்சி தெருவில் இயர்போன் பழுது பார்க்கும் ஒருவர் எனக்கு இதைக் காட்டினார். ஒரு பழைய இயர்போனின் வலையைக் குண்டூசியால் நெம்பி எடுத்துவிட்டு, அதே பாட்டை மறுபடி போட்டார். குரல் கீச்சென்று பாய்ந்தது.

“வலை போச்சுன்னா கூவும் சார். வலை அடைச்சா செத்துடும். கொண்டு வர்றவங்க எல்லாரும் ஸ்பீக்கர் போச்சுன்னுதான் சொல்வாங்க. பாதிக்குப் பாதி ஸ்பீக்கர் நல்லாதான் இருக்கும்.”

“அப்ப எதுண்ணே போயிருக்கும்?”

“காது அழுக்கு சார்.”

இதைக் கேட்டு வந்த கையோடு என் அத்தையின் இயர்போனை வாங்கிப் பார்த்தேன். மின்சார ரயிலில் வாங்கியது. தினமும் கைபேசியில் உபன்யாசம் கேட்பார். சில மாதமாக, “குரல் வருது, வார்த்தை புரியல” என்று ஒலியைக் கூட்டிக்கொண்டே போனார். வயசாயிடுச்சு என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம். இடது பக்க வலை முழுக்க மெழுகு படிந்து மஞ்சளாகியிருந்தது, வலது பக்கம் பாதி. மூக்கைத் தரையைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு, உலர்ந்த பல்துலக்கியால் மெல்லத் தட்டித் தேய்த்தேன். அப்படிப் பிடித்தால்தான் அழுக்கு கீழே உதிரும், தண்ணீர் படவே கூடாது. மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டவர், “டேய், இப்பதான்டா அவர் வாயத் தொறந்து பேசறார்!” என்றார். ஒலி அளவையும் அவரே குறைத்தார். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வைத்திருக்கும் வரம்பு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். அத்தையைப்போல நாள் முழுக்கக் கேட்பவர்கள் எளிதில் தாண்டிவிடக்கூடிய வரம்பு அது. வார்த்தை புரிந்தால் ஒலியைக் கூட்டும் தேவையே குறைகிறது.

மேட்டைப் பற்றிச் சொன்னேன், அடித்தளத்தைச் சொல்லவில்லை. மிருதங்கத்தின் இடந்தலையும் தவிலின் முழக்கமும் இயர்போனில் கேட்பது அடைப்பு சரியாக இருந்தால் மட்டுமே. அடைத்த சின்ன இடத்தில் தகடு இம்மி அசைந்தாலும் காற்றழுத்தம் முழுசாக மாறுகிறது. ஓரத்தில் மயிரிழை இடைவெளி விட்டால் முதலில் ஒழுகிப் போவது கீழ் ஒலிதான். பேஸ் இல்லை என்று பழிக்கப்படும் மலிவு இயர்போன்களில் பல, ரப்பர் அளவு பொருந்தாதவை. சோதிக்க எளிய வழி இருக்கிறது. பாட்டை நிறுத்திவிட்டு, இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு, வாயை மூடி “ம்ம்ம்” என்று முனகுங்கள். அடைப்பு நன்றாக இருந்தால் முனகல் தலைக்குள் கனத்து, நடுவில் நிற்கும். ஒரு பக்கமாகச் சாய்ந்தால், மறுபக்கம் ஒழுகுகிறது.

செருகும்போது எதிர்க்கையைத் தலைக்குமேல் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடியுங்கள். வளைந்த குழாய் நேராகும், ரப்பர் மடங்காமல் உட்காரும். முறுக்கு மென்றபடி பாட்டுக் கேட்டிருக்கிறீர்களா? கடிக்கும் ஒவ்வொரு முறையும் பேஸ் வந்து வந்து போகும். குழாயின் வெளிப்பகுதி குருத்தெலும்பு, தாடை அசைந்தால் அதுவும் அசையும். உள்பகுதி எலும்பு, அதன்மேல் மெல்லிய தோல் மட்டும். வலியின் கதை முழுக்க இந்த இரண்டுக்கும் இடையிலான எல்லையில் இருக்கிறது. காதில் எதையாவது வைத்தாலே சிலருக்கு இருமல் வரும், அதற்குக் காரணமான நரம்பும் அங்கேதான் ஓடுகிறது. 1832இல் அதை விவரித்த ஜெர்மானிய உடற்கூறியலாளர் ஃபிரீட்ரிக் ஆர்னால்டிலிருந்து அடுத்த வாரத்தைத் தொடங்குகிறேன். வெள்ளை இயர்பட்ஸ், பஞ்சு ரப்பர், காதுக்குமேல் சுற்றிப்போகும் வயர் எல்லாம் அதில்தான்.

அதற்குள் ஒரு வேலை செய்து வையுங்கள். புது இயர்போனோடு, மாட்டியிருக்கும் நடு அளவு போக, சின்னதும் பெரியதுமாக இரண்டு ஜோடி ரப்பர் பெரும்பாலும் சேர்ந்து வந்திருக்கும், பெரும்பாலானோர் பிரிப்பதே இல்லை. அவற்றைத் தேடி எடுத்து ஒவ்வொன்றாக மாட்டி முனகிப் பாருங்கள். இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டியதில்லை, இடதுக்குச் சின்னது வலதுக்கு நடு என்று அமைந்தால் அப்படியே போட்டுக்கொள்ளுங்கள்.