விழாமல் வழுக்குவது எப்படி?

பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குச் செல்லும் சாலையில் இருக்கிறது பாரிவாக்கம். மார்கழி விடியற்காலையில் கூட அங்கே வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். நிலமோ தட்டை. ஏரிக்கரையை விட்டால் மேடு என்று சொல்ல எதுவும் இல்லை. அவ்வூர் மாணவி ஒருத்தி, "பனிச்சறுக்கு வீராங்கனை ஆவது எப்படி?" என்று கேட்டால் நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் அது சிரித்து ஒதுக்கத்தக்க கேள்வியன்று. இமயத்தின் மடியிலேயே பிறந்தவர்களுக்கும் அதற்கு எளிதில் விடை கிடைக்கவில்லை.

2018-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் நாள் துருக்கி நாட்டின் எர்சுரும் நகருக்கு அருகில், பலாந்தோக்கன் பனிச்சரிவில் ஒரு போட்டி நடந்தது. அதில் ஸ்லாலம் என்னும் பிரிவில் ஆஞ்சல் தாக்கூர் என்ற 21 வயதுப் பெண் மூன்றாம் இடம் பெற்று வெண்கலப் பதக்கம் வென்றார். சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் போட்டியொன்றில் இந்தியர் பெற்ற முதல் பதக்கம் என்று அது நாடெங்கும் கொண்டாடப்பட்டது.

உலகின் மிக உயர்ந்த மலைத்தொடரை வைத்திருக்கும் நாடு, பனியில் ஒரு பதக்கம் பெற 2018 வரை காத்திருக்க வேண்டி வந்தது ஏன்? மலை இருந்தால் போதாதா? இவ்விரு கேள்விகளுக்கும் இயற்பியலே பெரும்பகுதி விடை தருகிறது.

புருவா கிராமத்துப் பெண்

ஆஞ்சலின் ஊர் இமாசலப் பிரதேசத்தில் மணாலிக்கு அருகிலுள்ள புருவா கிராமம். மணாலி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் உதகமண்டலமோ 2,240 மீட்டர். உயரத்தில் உதகை ஒரு படி மேல். ஆயினும் உதகையில் புல்நுனியில் உறைபனி படியுமேயன்றி, மணாலியைப் போல் வெண்பனி கொட்டுவதில்லை. காரணம், உதகை நிலநடுக்கோட்டிலிருந்து 11 பாகை வடக்கே இருக்க, மணாலி 32 பாகை வடக்கே இருக்கிறது. உயரத்தோடு அட்சரேகையும் கூடினால்தான் பனி.

அவருடைய தந்தை ரோஷன் தாக்கூர், இந்தியக் குளிர்கால விளையாட்டுக் கூட்டமைப்பின் பொறுப்பில் இருந்தவர். அண்ணன் ஹிமான்ஷு தாக்கூர் 2014-இல் சோச்சி ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கில் கலந்துகொண்டவர். ஆஞ்சலும் 2012-இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் நகரில் நடந்த இளையோர் குளிர்கால ஒலிம்பிக்கில் ஓடினார். சறுக்குப் பலகையும் பனியும் பிறந்த வீட்டிலேயே அறிமுகமானவை. இத்தனை வாய்ப்பும் அமைந்த ஒருவருக்கே மூன்றாம் இடம் பெற இத்தனை காலம் ஆயிற்று என்றால், அந்த விளையாட்டின் கடுமை எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

ஒரு நொடிக்கு ஒரு திருப்பம்

ஆல்பைன் பனிச்சறுக்கு என்பது மலைச்சரிவில் இறங்கும் போட்டி. அதில் பல பிரிவுகள் உண்டு. 'டவுன்ஹில்' என்பது வேகத்துக்கானது. 'ஸ்லாலம்' என்பது வளைந்து வளைந்து ஓடுவதற்கானது. இரண்டுக்கும் இடைப்பட்டவை 'ஜயண்ட் ஸ்லாலம்', 'சூப்பர்-ஜி' ஆகியன.

ஸ்லாலம் பாதையில் சிவப்பும் நீலமுமாக மாறி மாறிக் கம்பங்கள் நடப்பட்டிருக்கும். ஒரு கம்பத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 6 முதல் 13 மீட்டர் வரைதான் தூரம். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உயர வேறுபாடு 150 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 50 திருப்பங்கள் இருக்கும். ஓடி முடிக்க ஆகும் நேரமும் சுமார் 50 நொடிகள். அதாவது நொடிக்கு ஒரு திருப்பம். ஒரு கம்பத்தைத் தவறவிட்டாலும் போட்டியிலிருந்து நீக்கம். இவ்வாறு இரண்டு முறை ஓடி, இரு நேரங்களையும் கூட்டி வெற்றியாளரைத் தீர்மானிப்பார்கள்.

நேரம் நொடியின் நூறில் ஒரு பங்கு வரை அளக்கப்படுகிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் அந்த நூறில் ஒரு பங்கு நேரத்தில் கடக்கும் தூரம் சுமார் 14 சென்டிமீட்டர், ஒரு சாண் கூட இல்லை. பதக்கங்கள் கைமாறும் தூரம் இவ்வளவே.

பனி ஏன் வழுக்குகிறது?

பாரிவாக்கம் ஏரிக்கரையில் ஒரு தென்னை மட்டையின் மேல் உட்கார்ந்து சறுக்குவதாக எண்ணிக்கொள்ளுங்கள். மண்ணும் மட்டையும் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால், நல்ல சரிவாக இருந்தாலொழிய மட்டை நகராது. மண்மீது மட்டையின் உராய்வுக் கெழு அரையளவு என்று கொண்டால், பனியின் மீது மெழுகிட்ட சறுக்குப் பலகையின் உராய்வுக் கெழு அதில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். ஆகவே கண்ணுக்குத் தெரியாத சரிவிலும் பலகை வழுக்கி ஓடும்.

இதற்கு நெடுங்காலமாகப் பாடநூல்கள் ஒரு விளக்கம் கூறி வந்தன. எடையின் அழுத்தத்தால் பனி உருகி நீராகிறது, அந்நீரே எண்ணெய் போல் செயல்படுகிறது என்பது அது. கணக்கிட்டுப் பாருங்கள். கருவிகளோடு 70 கிலோகிராம் எடையுள்ள ஒருவர், ஒவ்வொன்றும் 155 சென்டிமீட்டர் நீளமுள்ள இரு பலகைகளின் மீது நிற்கிறார். எடை அகலப் பரவிவிடுவதால், பனியின் மீது விழும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் முப்பதில் ஒரு பங்கு அளவுதான். ஒரு முழு வளிமண்டல அழுத்தம் கூடினாலே பனிக்கட்டியின் உருகுநிலை 0.0075 டிகிரிதான் குறையும். ஆகவே இவ்விளக்கம் நிற்காது.

உண்மையான காரணங்கள் இரண்டு. முதலாவது, பனிக்கட்டியின் மேற்பரப்பில் உள்ள மூலக்கூறுகள் உள்ளே இருப்பவை போல் இறுகப் பிணைக்கப்படாமல், உறைநிலைக்குக் கீழும் ஓரளவு தளர்ந்தே இருக்கின்றன. மைக்கேல் ஃபாரடே 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே இதை ஊகித்தார். இரண்டாவது, பலகை ஓடும்போது உராய்வினாலேயே வெப்பம் தோன்றி மெல்லிய நீர்ப்படலம் உண்டாகிறது. பௌடன், ஹியூஸ் என்ற இருவர் சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராவ் மலைப்பகுதியில் செய்த சோதனைகளின் வாயிலாக 1939-இல் இதை எடுத்துக் காட்டினார்கள். உராய்வு தானே தன்னைக் குறைத்துக்கொள்ளும் விந்தை இது. பனியின் வெப்பநிலைக்கேற்ப வேறு வேறு மெழுகு பூசுவதன் நோக்கமும் இந்தப் படலம் அளவோடு இருக்க வேண்டும் என்பதே.

நூறு ரூபாயும் ஐந்து ரூபாயும்

இப்போது ஒரு சிறு கணக்கு. 70 கிலோகிராம் எடை 150 மீட்டர் கீழே இறங்கும்போது விடுவிக்கப்படும் நிலை ஆற்றல் சுமார் 1,03,000 ஜூல். இது முழுவதும் வேகமாக மாறினால், முடிவுக் கோட்டில் வேகம் மணிக்கு 195 கிலோமீட்டர் இருக்க வேண்டும்! ஆனால் ஸ்லாலம் ஓடுபவரின் வேகம் நொடிக்கு 12 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 43 கிலோமீட்டர் என்று கொள்வோம். அந்த வேகத்துக்குரிய இயக்க ஆற்றல் 5,000 ஜூல்தான். மலை கொடுத்தது நூறு ரூபாய், கையில் நின்றது ஐந்து ரூபாய். மீதி 95 ரூபாய் எங்கே?

அது காற்றைத் தள்ளுவதிலும், பனியைச் சுரண்டுவதிலும் செலவாகிவிட்டது. வீராங்கனையின் திறமை என்பது இச்செலவைச் சிக்கனமாகச் செய்வதில்தான் இருக்கிறது.

வெண்ணெய்க் கட்டியின் மீது கத்தியை அதன் கூரின் வழியே நீளவாக்கில் இழுங்கள். மெல்லிய கோடு விழும், தடை குறைவு. அதே கத்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் வெண்ணெய் சுருண்டு வழிந்து வரும், தடை மிகுதி. சறுக்குப் பலகையும் இவ்வாறே. அதன் இரு ஓரங்களிலும் எஃகு விளிம்பு உண்டு. பலகையின் வடிவம் நீட்டி வைத்த உடுக்கை போன்றது. இரு முனைகளும் அகன்று நடுவில் ஒடுங்கியிருக்கும். அதைச் சாய்த்து அழுத்தினால் பலகை வில்லாக வளைந்து, விளிம்பு பனியில் ஒரு வட்ட வில்லைக் கீறிக்கொண்டு ஓடும். சாய்ப்பு போதாவிட்டாலும், அழுத்தம் தவறான நேரத்தில் விழுந்தாலும், பலகை பக்கவாட்டில் வழுக்கிப் பனியை வாரி இறைக்கும். ஆற்றல் பனித்தூளாகப் பறந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில் 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் திரும்பும்போது வேண்டிய மையநோக்கு விசை, உடல் எடையைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. எடையோடு இதைத் திசையறிந்து கூட்டினால், 55 கிலோகிராம் உள்ள பெண்ணின் கால்கள் தாங்க வேண்டியது கிட்டத்தட்ட 98 கிலோகிராம். அதில் பெரும்பங்கு வளைவின் வெளிப்பக்கத்துக் காலின் மேல் விழுகிறது. உடலோ செங்குத்திலிருந்து 56 பாகை வரை சாய்ந்திருக்க வேண்டும். ஒரு நொடி கழித்து மறு பக்கம் அதே சாய்வு, மறு காலில் அதே பளு. இவ்வாறு 50 முறை. சாய்வு கூடினால் விழுவோம், குறைந்தால் பாதையை விட்டு வெளியே போவோம். 'விழுதல்' என்பதையே கருவியாகக் கொண்ட விளையாட்டு இது எனலாம்.

பின்னால் வருபவருக்குப் பள்ளம்

இத்துணை நுட்பமும் ஒருபுறமிருக்க, புதிதாக வருபவருக்கு மற்றொரு தடை உண்டு. போட்டிப் பாதையில் சில வேளைகளில் நீர் பாய்ச்சிப் பனியைக் கட்டியாக இறுகச் செய்வார்கள். அப்படியும் ஒவ்வொருவர் ஓடிய பின்னும் கம்பங்களின் அருகே பள்ளம் விழும். முதல் ஓட்டத்தில், தரப்புள்ளிகளில் முன்னணியில் இருப்பவர்கள் முதலில் இறங்குகிறார்கள். புள்ளி இல்லாதவர்கள் கடைசியில். ஆகவே பழகிய நாட்டவர் வழவழப்பான பாதையில் ஓட, பழகாத நாட்டவர் குழிகளில் ஓடுகிறார். குழியில் ஓடினால் நேரம் கூடும், நேரம் கூடினால் புள்ளி கிடைக்காது, புள்ளி இல்லாவிட்டால் அடுத்த முறையும் கடைசி எண். இந்தச் சுழலை அறுத்து வெளிவருவதுதான் எல்லாவற்றிலும் கடினம்.

1988-இல் கனடாவின் கால்கரி நகரில் ஷைலஜா குமார் என்பவர் குளிர்கால ஒலிம்பிக்கில் போட்டியிட்ட முதல் இந்தியப் பெண் ஆனார். பலர் தடுமாறி வெளியேறிய ஸ்லாலம் பந்தயத்தை முழுவதும் ஓடி முடித்து 28-ஆம் இடம் பெற்றார். அதற்குப் பின் 2006-இல் டூரினில் நேஹா அஹுஜா ஓடும் வரை, ஒலிம்பிக் பனிச்சரிவில் வேறு இந்தியப் பெண் இல்லை.

இறக்கங்களின் எண்ணிக்கை

இவ்வளவு நுட்பமான சமநிலையைப் புத்தகத்தில் படித்துப் பெற முடியாது. நரம்பும் தசையும் திரும்பத் திரும்பச் செய்தே கற்க வேண்டும். இங்கேதான் நம் முதல் கேள்விக்கு விடை இருக்கிறது.

மின்தூக்கி இல்லாத சரிவில் 150 மீட்டர் உயரத்தைப் பலகைகளைச் சுமந்துகொண்டு ஏற அரை மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். நான்கு மணி நேரப் பயிற்சியில் எட்டு முறைக்கு மேல் இறங்க முடியாது. அப்போது திருப்பங்கள் 400. இழுவைத் தூக்கி உள்ள சரிவில் அதே நேரத்தில் 20 முறை எளிதாக இறங்கலாம். திருப்பங்கள் 1,000. இமயச் சரிவுகளில் இயற்கைப் பனி குளிர்காலத்தின் சில மாதங்களே நிற்கும். ஆல்ப்ஸ் மலை வீராங்கனைகளோ கோடையில் பனியாறுகளிலும், ஆகஸ்டில் நியூசிலாந்து, சிலி போன்ற தென்கோள நாடுகளிலும் பயிற்சியைத் தொடர்கிறார்கள். நாளும் மாதமுமாகப் பெருக்கிப் பாருங்கள். பத்தாண்டில் அந்த வேறுபாடு பல லட்சம் திருப்பங்கள் ஆகும்.

அமெரிக்க வீராங்கனை மிக்கேலா ஷிஃப்ரின் இதற்கு நல்ல சான்று. 1995-இல் பிறந்த இவரைச் சிறு வயதில் பெற்றோர் அடிக்கடி பந்தயங்களுக்கு அனுப்பாமல், பயிற்சிக்கே மிகுதியான நேரத்தை ஒதுக்கினார்கள். 18 வயதில், 2014-இல், ஒலிம்பிக் ஸ்லாலம் தங்கம் பெற்றார். 2023 மார்ச்சில் ஸ்வீடனின் இங்கமார் ஸ்டென்மார்க் பெற்றிருந்த 86 உலகக் கோப்பை வெற்றிகளைத் தாண்டினார். 2025 பிப்ரவரியில் நூறாவது வெற்றியையும் எட்டினார்.

இந்த அளவுகோலை வைத்தே ஆஞ்சலின் பதக்கத்தை மதிப்பிட வேண்டும். எர்சுருமில் நடந்தது உலகக் கோப்பை அன்று. கூட்டமைப்பின் போட்டிகளில் கீழ்ப்படியில் உள்ள ஒன்று. ஆனால் ஏணியின் கீழ்ப்படியில் கால் வைக்காமல் மேற்படி ஏறியவர் எவரும் இல்லை. தரப்புள்ளிகள் கிடைப்பதும், தொடக்க எண் முன்னேறுவதும் அப்படியிலிருந்துதான். 2021 டிசம்பரில் மாண்டினீக்ரோ நாட்டில் மேலும் ஒரு வெண்கலத்தை வென்று, முதல் பதக்கம் தற்செயலன்று என்று அவர் காட்டினார்.

ஆகவே, மலை இருந்தால் மட்டும் போதாது. இறுக்கிச் செப்பனிட்ட சரிவும், தூக்கியும், ஆண்டு முழுவதும் பயிற்சிக்கு வழியும் வேண்டும். இவை அமைந்தால் மணாலிப் பெண்ணுக்கும் பாரிவாக்கத்துப் பெண்ணுக்கும் இடையே உள்ள தூரமும் குறையும். உடுக்கை வடிவப் பலகைக்குப் பிறந்த ஊர் தெரியாது.

இனித் தொலைக்காட்சியில் ஸ்லாலம் பந்தயம் காண நேர்ந்தால், கம்பங்களைப் பார்க்காமல் பலகைகளின் அடியைப் பாருங்கள். திருப்பத்தில் பனித்தூள் பெருந்திரையாகப் பறந்தால், அங்கே ஆற்றல் வீணாகிறது. மெல்லிய கோடு மட்டும் விழுந்தால், அவர் விரைவாக வருகிறார். நேரப் பலகையில் எண் தோன்றுவதற்கு முன்பே, யார் முந்துவார் என்று நீங்களே சொல்லிவிடலாம்.