தேங்காய் மூடியும் ஐ.ஆர்.எஸ்-1ஏவும்

மடத்துக்குளம் பக்கம் தேங்காய் சேராத குழம்பு குறைவு. அம்மாயி துருவியின் முன் உட்கார்ந்தால் கையைக் கவனியுங்கள். மூடியைக் கவிழ்த்துப் பிடித்து ஒரு இழுப்பு, உடனே மணிக்கட்டு மூடியைத் துளி திருப்பும், மறுபடி இழுப்பு. துருவியின் பல் அங்கேயேதான் இருக்கிறது, திரும்புவது மூடி. ஒரு சுற்று முடிந்தால் வெள்ளை மிச்சமிருக்காது.

1988 மார்ச் 17 அன்று பைக்கனூரிலிருந்து சோவியத் ராக்கெட்டில் போன ஐ.ஆர்.எஸ்-1ஏ, பூமியைப் படம்பிடிக்கும் இந்தியத் தொலையுணர்வுச் செயற்கைக்கோள். அது பூமியைத் துருவியதும் இப்படித்தான். 1979-இல் போன பாஸ்கரா சோதனை முயற்சி. அன்றாட வேலைக்கென்று முதலில் போனது இதுதான். 904 கி.மீ. உயரத்தில், துருவங்களை ஒட்டி, வடக்கு தெற்காகச் சுற்றியது. ஒரு சுற்றுக்கு 103 நிமிடம். அதற்குள் பூமி கிழக்கே ஏறத்தாழ 26 பாகை திரும்பிவிடும். அதனால் அடுத்த இழுப்பு நிலநடுக்கோட்டில் 2,800 கி.மீ.க்கும் மேல் தள்ளி, மேற்கே விழும். கேமரா பார்க்கும் அகலமோ 148 கி.மீ.தான். இடையில் எவ்வளவு வெள்ளை நிற்கிறது!

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இனிமேல்தான். நாளைக்குச் சரியாக 14 சுற்று என்று வைத்திருந்தால், மறுநாளும் அதே 14 தடத்தில்தான் ஓடும். இடையில் உள்ள ஊர்கள் கண்ணிலேயே படாது. அதனால் ஒரு துளி குறைத்தார்கள்: 22 நாளில் 307 சுற்று. தடம் தினமும் சுமார் 130 கி.மீ. மேற்கே நகரும். மீதி 18 கி.மீ. முந்தைய தடத்தின் மேல் ஏறிக்கொள்ளும். அம்மாயியும் முந்தைய வரியைக் கொஞ்சம் தொட்டபடியேதான் அடுத்த வரியை இழுப்பார்.

இன்னொன்று, வெளிச்சம். முறத்தில் அரிசி பொறுக்குகிறவர் தினமும் ஒரே நேரத்தில் ஒரே ஜன்னலோரம் உட்கார்ந்தால்தான் இன்றைய அரிசியையும் நேற்றைய அரிசியையும் ஒப்பிட முடியும். இந்தச் செயற்கைக்கோளும் எந்த ஊரைப் பகலில் கடந்தாலும் அங்கே காலை பத்தரை மணி வாக்காக இருந்தது. பூமியின் இடுப்பு, ஆரக் கணக்கில், துருவங்களைவிட 21 கி.மீ. பருத்தது. அந்தப் பருமனின் ஈர்ப்பு சுற்றுப்பாதையையே நாளைக்கு ஒரு பாகை அளவு திருப்பி, சூரியனோடு ஒத்துப்போக வைத்தது.

அதிலிருந்த கேமராக்களில் கூர்மையானதில் ஒரு புள்ளி 36.25 மீட்டர் சதுரம்; நம் கணக்கில் 32 சென்ட். பச்சை இலை அதிகமாகத் திருப்பியனுப்பும் அகச்சிவப்பு ஒளியையும் அது பிடித்தது. மடத்துக்குளம் பக்கத்து அமராவதிப் பாசன வயல்களில் வரப்பு தெரியாது. ஆனால் நட்ட வயலும் தரிசும் வேறுவேறாகத் தெரியும்.